பதில் வராத மன்றாட்டு

என் அத்தையை "சத்தமே இல்லாதவர்" என்று எழுதியிருந்தார்கள். எழுதியதோடு விடவில்லை. தங்க நிற எழுத்தில் அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, மேடையில் வாசித்துக் காட்டவும் ஏற்பாடு செய்தார்கள். அத்தையின் குரல் மூன்றாவது மாடியிலிருந்து கிளம்பினால் தெருமுனைக் கடைக்காரர் தராசை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார். அவளுக்குப் போய்.

அப்பாவின் அக்கா அவள். பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எங்கள் மாதா கோவிலைச் சேர்ந்தவர்கள் எல்லோருக்கும் அவள் 'சோடா அத்தை'. அவள் மேல் எப்போதும் சலவை சோடா வாடை அடிக்கும் என்பது ஒரு காரணம். மூடியைத் திறந்தால் பொங்கிவிடுவாள் என்பது மற்றது.

பல வருடம் ஊர் ஊராக அலைந்துவிட்டு நான் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றபோது, "வா, ஊர்சுத்தி" என்றாள். முதுகுப் பையை இறக்குவதற்குள் ஒரு ஈர மூட்டையைக் கையில் கொடுத்துவிட்டாள். உள்ளே மூத்திர வாடையடிக்கும் படுக்கை விரிப்புகள். படுக்கையில் விழுந்துவிட்டவர்களின் துணியைத் துவைத்துக் கொடுப்பதுதான் ஓய்வுக்குப் பிறகு அவள் பார்க்கும் வேலை. கூலி கிடையாது. எங்கள் பகுதி முழுக்கப் பழைய அடுக்குமாடி வீடுகள். குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வரும். பக்கவாதம் வந்த ஒரு ஆள் ஒரே நாளில் இரண்டு மூன்று தடவை நனைத்துவிட்டால் அந்த வீட்டில் சமையலா சலவையா என்று ஆகிவிடும்.

அத்தை அந்தத் துணிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக் கோவில் மண்டபத்துக்குப் பின்னால் இருந்த சலவை அறைக்குக் கொண்டுபோவாள். இரண்டு சிமெண்ட் தொட்டி, ஒரு அகலமான கல், வெந்நீர் வைக்க அடுப்பு, சீறிக்கொண்டு வரும் குழாய். பின்புறத்து வெயிலில் கொடி. பழைய பங்குச் சாமியார் அனுமதி கொடுத்து ஆரம்பித்தது. அவர் மாற்றலாகிப் போனார். மண்டபத்துக்குப் புதுத் தரை போட்டுக் கல்யாணத்துக்கு வாடகைக்கு விட ஆரம்பித்தார்கள். ஒரு திங்கட்கிழமை அத்தை வண்டியோடு போய் நின்றபோது சலவை அறைக் கதவில் புதுப் பூட்டு தொங்கியது.

பூட்டியவர், கோவில் நிர்வாகத்தைப் பார்க்கும் பங்குப் பேரவையின் செயலாளர். தரைக்கல் கடை வைத்திருப்பவர். விருதுச் செய்தியோடு வீட்டுக்கு வந்தவரும் அவரேதான்.

"அத்தை, நல்ல சேதி!" என்றபடியே செருப்பைக் கழற்றினார்.

"சாவி கொண்டுவந்தியா?"

"அதைவிடப் பெரிய சேதி."

"அதைவிடப் பெருசு எனக்கு ஒண்ணும் கிடையாது. சரி, சொல்லு."

நற்செய்தியை வாழ்ந்து காட்டும் ஒருவருக்கு இந்த வருடத்திலிருந்து விருது கொடுக்கப்போகிறார்களாம். பேரவையில் எல்லோரும் ஒரே குரலில் அத்தை பெயரைச் சொன்னார்களாம். பையிலிருந்து அந்தச் சட்டத்தை எடுத்து வாசித்தார். "தாழ்மையோடும் பொறுமையோடும், சத்தமே இல்லாமல், ஏழை எளியவரின் கண்ணீரைத் துடைத்தவர்..."

அத்தை என் பக்கம் திரும்பினாள். "ஏன்டி, தம்பி வீடு மாறி வந்துட்டானா?"

"உங்களைத்தான் அத்தை!"

"கண்ணீரையா தொடைக்கிறேன்? நான் தொடைக்கிறது என்னன்னு எழுத உனக்குக் கூச்சமா இருக்கு. பூட்டுனவனும் நீ, பாராட்டுறவனும் நீ. ரெண்டுல ஒண்ணைப் பண்ணு தம்பி."

"விருது வேற, மண்டபம் வேற. ரெண்டையும் கலக்காதீங்க. வர்றவங்க மூக்கைப் பொத்துறாங்க. போன கல்யாணத்துல பொண்ணு மாப்பிள்ளை போட்டோ பூராவும் பின்னாடி உங்க விரிப்புதான் பறக்குது."

"வெள்ளையாத்தானே இருந்துச்சு?"

அவர் சட்டத்தைத் திரும்பப் பைக்குள் வைத்தார். விருது வாங்குபவர் அன்றைய பூசையில் ஒரு மன்றாட்டு வாசிக்க வேண்டும், அதை எழுதித் தந்துவிடுவோம் என்றார். பிறகு, அழைப்பிதழில் போட ஒரு போட்டோ வேண்டும், கொஞ்சம் சிரித்த மாதிரி இருந்தால் நல்லது என்றார்.

"சிரிச்ச மாதிரி எடுத்ததெல்லாம் என் புருஷன் இருந்தப்ப எடுத்தது. அதுல அவரும் இருப்பாரு. பரவாயில்லையா?"

செயலாளர் போன பிறகு நான்தான் கத்தினேன். இந்த விருதை வாங்கவே கூடாது, மூஞ்சியில் விட்டெறிய வேண்டும் என்றேன். கோவில், மசூதி, மடம் என்று எத்தனையோ வாசலில் படுத்து எழுந்திருக்கிறேன். வேலை செய்கிறவரைக் கும்பிட்டு ஓரமாக உட்கார வைக்கும் இந்தத் தந்திரத்தை எல்லா இடத்திலும் பார்த்திருக்கிறேன். மாலை விழுந்த பிறகு அந்த ஆள் எதையும் கேட்கக் கூடாது. கேட்டால் தாழ்மை போய்விட்டது என்பார்கள்.

"மொதல்ல இந்த மூட்டையைத் தூக்கு" என்றாள் அத்தை.

வீட்டுக் குளியலறையில் பாதித் துணியைத்தான் துவைக்க முடிந்தது. காயவைக்க இடமில்லை. அன்றைக்குப் பழைய கண்டக்டர் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. பேருந்தில் விசில் ஊதியே வயதானவர். போன வருடம் ஒரு பக்கம் விழுந்துவிட்டது. நான்காவது மாடி. விரிப்பு போதாமல் அவர் மனைவி உரச் சாக்கைப் பிரித்து விரித்து, மேலே செய்தித்தாளைப் பரப்பியிருந்தார். தாள் ஊறிக் கிழிந்து அவர் உடம்பில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அத்தையும் நானும் அவரைப் புரட்டினோம். குழறிய வாயோடு, "உள்ள போங்க... உள்ள போங்க... இடமிருக்கு" என்றார். அத்தை வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே சட்டையைத் தூக்கினாள். முதுகின் அடிப்பக்கம் தோல் போய்ச் சிவப்பாகப் புண் திறந்திருந்தது. போன வாரம் அது இல்லை.

"எம்மேல கோவப்படாதீங்க அத்தை" என்றார் கண்டக்டர் மனைவி. "ராத்திரி மாத்த ஒண்ணுமே இல்ல."

"உம்மேல எனக்கென்ன கோவம்?"

புண்ணைக் கழுவி, மருந்து வைத்து, எங்கள் வீட்டிலிருந்து கொண்டுபோயிருந்த மெத்தை உறையைக் கிழித்து விரித்துவிட்டு இறங்கினோம். படிக்கட்டில் அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் நடந்து நான் பார்த்தது அன்றுதான். கீழே வந்ததும், "விருது வாங்கத்தான் போறேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கோவில் நிறைந்திருந்தது. முன்வரிசையில் செயலாளர் குடும்பம். சாமியார் மறையுரை ஆற்றி முடித்ததும் மன்றாட்டு நேரம் வந்தது. ஒருவர் வேண்டுதலைச் சொல்வார், மற்றவர்கள் எல்லோரும் ஒரே வரியைப் பதிலாகச் சொல்வார்கள். சின்ன வயதிலிருந்து சொல்லிச் சொல்லி அந்தப் பதில் தூக்கத்தில்கூட வரும். காது கேட்காவிட்டாலும் வாய் சொல்லும்.

அத்தை மைக்குக்கு முன்னால் நின்று, கொடுத்த சீட்டை ஒழுங்காக வாசித்தாள். "நோயுற்றோருக்காகவும் அவர்களுக்குத் தொண்டு செய்வோருக்காகவும் உம்மை மன்றாடுகிறோம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று கோவில் முழங்கியது.

சீட்டை மடித்து இடுப்பில் செருகினாள். ஆனால் இறங்கவில்லை.

"மண்டபத்துக்குப் பின்னாடி சலவை அறையைப் பூட்டி வெச்சிருக்காங்க. அதைத் திறந்துவிடணும்னு உம்மை மன்றாடுகிறோம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!"

அத்தனை பேரும் சொன்னார்கள். செயலாளரும் சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் அவர் வாய் அப்படியே திறந்து நின்றது. பாடகர் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பீடத்தில் நின்ற இளம் சாமியார் அத்தையைப் பார்த்தார். முன்பு சாவிக்காக அவரிடம் போனபோது "பேரவை முடிவும்மா, நான் என்ன செய்ய?" என்று கையை விரித்தவர் அவர்.

"நாலாவது மாடியில கண்டக்டர் பேப்பர் மேல படுத்துக் கிடக்காரு. முதுகு புண்ணாயிடுச்சு. அவருக்கு ஒரு காஞ்ச விரிப்பு வேணும்னு உம்மை மன்றாடுகிறோம்."

இந்தத் தடவை பாதிக் குரல்தான் வந்தது. புரிந்துகொண்டவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

"போட்டோவுல விரிப்பு தெரிஞ்சா அசிங்கம்னு நினைக்கிறவங்க ஒருநாள் படுக்கையில விழுவாங்க. அன்னிக்கு அவங்க நனைக்கிறதை முகம் சுளிக்காம துவைச்சுப் போட ஒரு ஆள் கிடைக்கணும்னு உம்மை மன்றாடுகிறோம்."

யாரும் வாய் திறக்கவில்லை. அத்தை நின்றாள். தொண்டையைச் செருமினாள்.

"பதில் வரலையே" என்றாள் மைக்கில்.

இவ்வளவு பேர் இருந்தும், ஒரு வேண்டுதலுக்கு ஒரு வாய் இல்லையா? நான் சொல்லலாம் என்று மூச்சை இழுத்தேன். அதற்குள் கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. கண்டக்டர் மனைவி. சண்டைக்குக் கூப்பிடுகிற குரலில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: "ஆண்டவரே. எங்கள். மன்றாட்டைக். கேட்டருளும்."

அதன் பிறகு சாமியார் சொன்னார், மெதுவாக. பிறகு மற்றவர்கள், திட்டு வாங்கிய பிள்ளைகள் மாதிரி.

பூசை முடிந்ததும் செயலாளர், சாமியார் உடை மாற்றும் அறைக்குள் விரைந்தார். அத்தை பின்னாலேயே போனாள், நானும் போனேன்.

"ஃபாதர், இது கோவிலா, சந்தையா? பூசையில வெச்சு மானத்தை வாங்கிட்டாங்க!"

"சாவியைக் குடுங்க" என்றார் சாமியார். மேலங்கியைக்கூடக் கழற்றவில்லை.

"பேரவையில பேசாம எப்படி ஃபாதர்?"

"நானும் வாயைத் திறந்து பதில் சொல்லிட்டேன். நீங்களும் சொன்னீங்க, நான் பார்த்தேன். சொல்லிட்டு, சாவியைப் பாக்கெட்டுலேயே வெச்சுக்கிட்டு, இனி நாம எதைக் கேக்குறது?"

செயலாளர் சாவிக் கொத்திலிருந்து ஒன்றைக் கழற்றினார். அதை அத்தை கையில் வைக்காமல் மேசையில் வைத்தார். "சாயங்காலம் திருப்பிக் குடுத்துடணும். கல்யாணம் இருக்கிற நாள்ல திறக்கக் கூடாது."

"படுத்துக் கிடக்கிறவங்க கல்யாணத் தேதி பார்த்தா தம்பி நனைப்பாங்க?"

"அத்தை, இதுக்கு மேல என்னால முடியாது. விருதையாவது மரியாதையா வாங்கிட்டுப் போங்க."

வாங்கினாள். மேடையில் சட்டத்தை வாசித்தபோது செயலாளர் "சத்தமே இல்லாமல்" என்ற இடத்தை விழுங்கிவிட்டார். விழுங்கினாலும் கூட்டம் சிரித்தது. போட்டோவில் அத்தை சிரிக்கவில்லை. உள்ளங்கைக்குள் சாவியை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

விருந்துக்கு நிற்காமல் வெளியே வந்தோம். தொட்டியை உடனே கழுவ ஆரம்பிப்பாள் என்று நினைத்தேன். அவள் கோவிலுக்கு எதிர்த்திசையில் நடந்தாள். "எங்க போறே அத்தை?" என்று கேட்டுக்கொண்டே பின்னால் ஓடினேன். பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் குடை விரித்து, ரம்பமும் அரமுமாக உட்கார்ந்திருந்த பூட்டுக்காரர் முன்னால் போய் நின்றாள்.

"இதே மாதிரி வேணும். எவ்வளவு நேரமாகும்?"

அவர் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இப்பவே முடிச்சிடலாம்மா. ஒண்ணு போதுமா?"

"அஞ்சு போடு."

"ஒரு கதவுக்கு அஞ்சா?"

"ஒண்ணைப் பிடுங்குனா ஒண்ணு இருக்கணும்ல" என்றபடி அத்தை அவருடைய ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ஊர்சுத்தி, நீ ஓடிப்போய்க் கண்டக்டர் வீட்டு மூட்டையை எடுத்துட்டு வா. வெயில் போறதுக்குள்ள காயணும்."