குண்டுத்தம்பி மார்க்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எங்கே பெரிய ‘ற’, எங்கே சின்ன ‘ர’ என்பதில் இன்றும் தடுமாற்றம் உண்டு. வாசிக்கிறவர்கள் திருத்தி வாசித்துக்கொள்ளவும். நாலு பேர் முன்னால் பேச எனக்கு வராது. வீட்டிலும் அப்படித்தான். சமீபத்தில் பள்ளிக்கூடத்தில் போட்டோ எடுக்கிறார்கள் என்ற அன்று, என் மகள் வயிற்றுவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டாள். அவளுக்கு மேல்பல் கொஞ்சம் முன்னால் நிற்கும். பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது சொல்ல நினைத்தேன். “காப்பி குடிக்கியாம்மா” என்பதற்கு மேல் வார்த்தை வரவில்லை. சொல்ல நினைத்தது இதுதான்.

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. சிவகாசியில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் மரச் சட்டத்தில் குச்சி அடுக்கிக்கொண்டிருந்தேன். ஆபீஸ் என்றால் மேஜை நாற்காலி இருக்காது. தீப்பெட்டி செய்கிற கொட்டகைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். அக்கா அங்கேயே பெட்டிக்கு லேபிள் ஒட்டினாள். அப்பா அதே முதலாளியிடம் மாட்டுவண்டியில் லோடு ஏற்றிப் போனார். வீட்டில் எல்லாருக்கும் ஒரே கம்மங்கூழ்தான். ஆனாலும் மூன்று பேர் குச்சியாக இருக்க, நான் மட்டும் எப்படியோ உருண்டையாக இருந்தேன். அதை நான் பெரிதாக நினைத்ததில்லை, லேபிள் வரும்வரை.

முதலாளி தன் தீப்பெட்டிக்குப் புதிதாக ஒரு மார்க் போட நினைத்தார். கிளி, புலி, தாமரை எல்லாம் மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அச்சாபீசில் படம் வரைகிறவர் ஒருநாள் கொட்டகைக்கு வந்தபோது என்னைப் பார்த்துவிட்டார். காகிதக் கட்டின் மேல் உட்காரவைத்து, சட்டையைக் கழற்றச் சொல்லி, கையில் ஒரு மத்தாப்பைக் கொடுத்து வரைந்தார். கடலைமிட்டாய் வாங்கித் தந்தார். அன்றைக்கு என்னைவிடச் சந்தோஷமானவன் சிவகாசியில் இல்லை.

அச்சாகி வந்ததைப் பார்த்தேன். முகம் என்னுடையதுதான். கரிய உடம்பை ரோஜா நிறமாக்கியிருந்தார்கள். வயிற்றை மட்டும் இரண்டு பங்கு பெரிதாக்கி, நடுவில் தொப்புளைப் பொட்டு மாதிரி வைத்திருந்தார்கள். கீழே ‘குண்டுத்தம்பி மார்க்’ என்று கொட்டை எழுத்து.

பீடி குடிக்கிறவர் மடியில் எல்லாம் நான் இருந்தேன். அடுப்படிகளில் இருந்தேன். சாமி மாடங்களில் இருந்தேன். டீக்கடையைத் தாண்டிப் போக முடியாது.

“ஏலே குண்டுத்தம்பி, இங்கன வா. தீ வேணும்.”

போனால், ஒருவர் குச்சியை எடுத்து என் வயிற்றில் உரசிப் பார்ப்பார். “பத்தலையேடா. நமுத்துப் போச்சுபோல” என்பார். கடை முழுக்கச் சிரிக்கும். மறுநாள் வேறொருவர் அதையே செய்வார். அவர்களுக்கு அது ஒருநாளும் அலுக்கவில்லை.

கொட்டகையில் லேபிள் ஒட்டுகிற பெண்களும் விடமாட்டார்கள். “உன் தம்பி மூஞ்சிக்குப் பசை தடவித் தடவியே கை மரத்துப்போச்சு புள்ள. அந்த வயித்துக்கு எம்புட்டுத்தான் தடவ?” என்பார்கள் அக்காவிடம். அக்கா மட்டும் சிரிக்கமாட்டாள். லேபிளை ஒட்டிவிட்டு, என் படத்தை விரலால் ஒருமுறை நீவி வைப்பாள்.

வயிற்றை ஒழித்துவிடுவது என்று முடிவு செய்தேன். மதியக் கூழைப் பக்கத்தில் குச்சி அடுக்கியவனுக்குக் கொடுத்தேன். இரவில் பாதியைத் தட்டோடு கொண்டுபோய்க் கோழிக்கு வைத்தேன். ஒருநாள் குச்சி அடுக்கிக்கொண்டிருக்கும்போதே கண் இருட்டிச் சட்டத்தின் மேல் விழுந்தேன். அம்மா கண்டுபிடித்த காரணம் வேறு. “ஊரு தேசமெல்லாம் பிள்ளை படம் போகுதுல்ல. அம்புட்டுக் கண்ணும் இவன் மேலதான்” என்று அழுதாள். உப்பும் மிளகாயும் எடுத்து மூன்று முறை சுற்றி, வாசலில் போட்டுக் கொளுத்தினாள். கொளுத்த எடுத்த பெட்டியிலும் நான்தான் மத்தாப்போடு சிரித்துக்கொண்டிருந்தேன்.

உடம்பு கொஞ்சம் வற்றியது. அந்த நேரம் பார்த்துப் பங்குனி வந்தது. விருதுநகர் அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு விளம்பர வண்டி ஜோடித்து அனுப்பப்போவதாக முதலாளி சொன்னார். அதில் லேபிளில் உள்ளபடியே, படத்தில் உள்ள அதே ஆளை நிறுத்தவேண்டும். அப்பா என்னிடம் கேட்காமலே தலையாட்டிவிட்டு வந்தார். முதலாளி சொன்னால் தலையாட்ட அவர் யாரையும் கேட்கமாட்டார், தன் மாட்டைக்கூட.

ஆபீஸ் கணக்கப்பிள்ளை என்னை வந்து பார்த்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“எங்கலே வயிறு?”

நான் சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டேன்.

“ஆர்டர் போட்ட பெறகு சரக்கைக் குறைச்சா எப்படிலே?” என்றார். லேபிள் வெட்டி மிஞ்சிய காகிதத்தை ஒரு பழைய வேட்டியில் பொதிந்து, பானை அளவுக்கு வயிறு ஒன்று செய்தார். அதை என் வயிற்றின் மேல் வைத்துக் கயிற்றால் இறுக்கி, ரோஜா நிறத் துணியை மேலே தைத்துவிட்டார். இத்தனை நாள் பட்டினி கிடந்தது இதற்குத்தான் என்று நினைத்தபோது எனக்கு அழுகைகூட வரவில்லை.

விருதுநகரில் தெப்பக்குளத்தை ஒட்டி வண்டி போனது. அப்பா மாட்டைப் பிடித்து முன்னால் நடந்தார். கணக்கப்பிள்ளை பக்கத்தில் வந்தார். அக்காவும் மற்றப் பெண்களும் ஆபீஸ் லாரியில் வந்து இறங்கிக் கூட்டத்தில் நின்றார்கள். தீச்சட்டி எடுத்தவர்கள், வேடம் போட்டவர்கள், பிள்ளையைத் தோளில் வைத்தவர்கள், எல்லாருக்கும் மேலே நான். கையில் ஒரு மூங்கில் மத்தாப்பு. நிமிர்ந்து பார்த்தால் கண், குனிந்து பார்த்தாலும் கண்.

பங்குனி வெயில். துணிக்குள் வியர்வை ஆறாக ஓடியது. காகிதம் ஊறிக் கனத்தது. கயிறு நெகிழ்ந்தது. முச்சந்தி திரும்பியபோது வண்டி ஒரு குலுக்குக் குலுக்க, வயிறு மெல்ல இறங்கி முழங்காலுக்கு வந்தது.

கொஞ்ச நேரம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு ஒரு குரல்: “ஏலே, குண்டுத்தம்பிக்கு வயிறு கழண்டுபோச்சுடோய்!”

சிரிப்பு தெருவின் அந்தக் கடைசி வரைக்கும் ஓடிப்போய்த் திரும்பி வந்தது. கணக்கப்பிள்ளை வண்டிச் சக்கரத்தோடு ஓடி வந்தார். “தூக்கிக் கட்டுலே! முதலாளி பாத்தா என் பொழப்பு போயிரும். கட்டுலே!”

கட்டியிருக்கலாம். கயிறு கையில்தான் இருந்தது. அந்த ஈரமான பொதியைப் பார்த்தேன். எனக்குக் கோபம் வந்தது. சிரித்தவர்கள் மேல் இல்லை, கணக்கப்பிள்ளை மேலும் இல்லை. அந்தப் பொதியின் மேல்தான் வந்தது. ரோஜாத் துணியை இரண்டு கையாலும் பிடித்துக் கிழித்தேன். பொதியை உருவித் தெருவில் எறிந்தேன். வேட்டி அவிழ்ந்து லேபிள் துண்டுகள் காற்றில் பறந்தன. கயிறு அழுத்திய தடம் சிவந்த வரியாக ஓட, என்னுடைய கறுத்த வயிறு, பட்டினியில் பாதி வற்றித் தொளதொளத்துப்போன வயிறு, வெயிலில் தனியாக நின்றது.

“இம்புட்டுத்தான் என் வயிறு!” என்று கத்தினேன். “நல்லாப் பாத்துக்கிடுங்க!”

அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை.

அப்பா திரும்பிப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் மாட்டுக்குத்தான் ஒரு தட்டுத் தட்டினார், வண்டி நகர்ந்தது. நான் உட்காரவில்லை. மத்தாப்பைத் தூக்கிப் பிடித்தபடி கோயில் வரைக்கும் அப்படியே நின்றேன். கொஞ்ச தூரம் சிரித்தார்கள். அப்புறம் பின்னால் பொய்க்கால் குதிரை வந்தது. எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

முதலாளி ஒன்றும் கேட்கவில்லை. தீப்பெட்டி எப்போதும்போல விற்றது. டீக்கடைக்காரர்கள் பிறகும் குச்சியை உரசினார்கள். நான் வயிற்றை உள்ளே இழுக்காமல் நின்றேன். “பத்துனா சொல்லுங்க, நானும் ஒரு பீடி பத்தவச்சுக்கிடுதேன்” என்றேன் ஒருநாள். அதோடு அந்த விளையாட்டு நமுத்துப் போனது. கூழை முழுசாகக் குடித்தேன். கோழிகள்தான் சில நாள் தட்டைத் தேடி வந்தன.

பங்குனிப் பொங்கல் அன்று லாரியில் திரும்பும்போது அக்கா என்னை ஓரமாக உட்காரவைத்துக்கொண்டாள். மற்றப் பெண்கள் கத்திப் பாடிக்கொண்டு வந்தார்கள். அவள் என் இடுப்பில் கயிற்றுத் தடத்தைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

“ஏலே, அவுத்து எறியும்போது பயமா இல்லையா?”

“இருந்துச்சு.”

“எறிஞ்ச பெறகு?”

“பெறகு இல்ல.”

“அம்புட்டுப் பேரும் பாத்தாகளே.”

“பாத்தா பாத்துட்டுப் போறாக.”

அவள் அந்தப் பதிலைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டவள் மாதிரி ஊர் வரும்வரை உள்ளங்கையை மூடியே வைத்திருந்தாள்.

சித்திரையில் அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். அதற்கு முன்னும் சிலர் வந்து, பலகாரம் சாப்பிட்டு, “நிறம் கொஞ்சம் கம்மியா இருக்கு” என்று யாரிடமாவது சொல்லியனுப்பியிருந்தார்கள். அதனால் ஒவ்வொரு தடவையும் அம்மாவும் அடுத்த வீட்டுச் சித்தியும் சேர்ந்து அவள் முகம், கழுத்து, முழங்கை என்று பவுடரை அப்பி உட்காரவைப்பார்கள். அன்றும் அப்படித்தான் அப்பினார்கள். மாப்பிள்ளை வீட்டார் பாயில் உட்கார்ந்தார்கள். அக்கா பின்கட்டுக்குப் போனாள். தொட்டியில் தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது முகத்தில் சொட்டுச் சொட்டாக ஈரம், ஒரு பொட்டுப் பவுடர் இல்லை. காப்பித் தட்டோடு நேராகச் சபைக்கு வந்துவிட்டாள்.

அம்மா கதவோரம் நின்று வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். எனக்குப் பதறியது. மாடத்துக்கு ஓடிப் பவுடர் டப்பாவை எடுத்து வந்து, எல்லார் முன்னாலும் அக்காவிடம் நீட்டினேன். அவள் அதை வாங்கித் தன் பக்கத்தில் தரையில் வைத்தாள். தலையைக் குனியவில்லை. மாப்பிள்ளையின் அம்மாவை நேராகப் பார்த்து, “காப்பி எடுத்துக்கோங்க” என்றாள்.

இவ்வளவு முக்கியமான நாளில் முகம் கழுவிய பிறகு மறுபடி பவுடர் போட அக்காவுக்கு எப்படி மறந்துபோனது என்று அன்று முழுதும் நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

எழுதி முடித்தது: ஐப்பசி, தீபாவளிக்கு மறுநாள்.