தங்கத்தாயின் சிறுநீரகம் தூங்கிய ஆறு நாட்கள்

தாயில்பட்டி தங்கத்தாய் பதினெட்டு வருடமாகப் பட்டாசுக் கம்பெனியில் திரி செருகுகிறார். வாய் ஓயாது, கை தவறாது. கணவர் அய்யப்பனுக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்தபோது, "என்கிட்ட ரெண்டு இருக்குல்ல, ஒண்ண எடுத்துக்கிடுங்க" என்று மதுரைக்குக் கிளம்பிவிட்டார்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. ஆனால் அய்யப்பனுக்குள் போன சிறுநீரகம் விழிக்கவில்லை. கட்டிலோரம் சிறுநீர்ப் பை காலியாகவே தொங்கியது.

"ஒருத்தர்கிட்ட எடுத்து இன்னொருத்தருக்கு வைக்கிற வரைக்கும் அதுக்கு ரத்தம் கிடையாது" என்றார் டாக்டர் யோகேஸ்வரி. "மறுபடி ரத்தம் பாயும்போது, கூட வர்ற ஆக்சிஜனே அதைக் கொஞ்சம் புண்ணாக்கிடும். முக்கால்வாசிப் பேருக்குத் தானா சரியாகும். அதுவரைக்கும் டயாலிசிஸ்."

"சரியாகலைன்னா?"

"பார்ப்போம்மா."

அன்றிரவு தங்கத்தாய் எதுவும் பேசவில்லை. கொழுந்தன் மாரிக்கண்ணனுக்கு அதுதான் பயமாக இருந்தது. செல்போனில் தேடினார். ஆக்சிஜன் செய்யும் கெடுதலைத் தடுக்க ஆன்டிஆக்சிடன்ட் என்று ஒன்று உண்டாம். மறுநாள் காலை நெல்லிக்காய்ச் சாறு, மாதுளை, முருங்கைக்கீரை சூப்போடு வந்து நின்றார்.

"மதினி, அண்ணனுக்கு ஊத்துங்க. கிட்னி முழிச்சிரும்."

டாக்டர் பார்த்துவிட்டார். "அதெல்லாம் இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு. சிறுநீர் பிரியாத உடம்புல இதுல உள்ள பொட்டாசியம் தங்கிடும். இதயமே நின்னு போகும்."

தங்கத்தாய் நிமிர்ந்தார். "பொட்டாசியமா? எங்க வெடியுப்புல இருக்கே, அதா?"

"அதேதான்."

விலாத் தையலைப் பிடித்தபடி எழுந்து, தூக்குச்சட்டியைக் கொழுந்தன் கையில் திணித்தார். "ஏலே கண்ணா, வெடிமருந்து ரூமுக்குள்ள தீப்பெட்டியோட வாரியே! வெளிய போயி நீயே குடி."

மாரிக்கண்ணன் வீணாக்க மனமில்லாமல் வராந்தாவில் நின்று எல்லாவற்றையும் குடித்தார். மதியத்துக்குள் நாலு தடவை கழிப்பறைக்குப் போய்வந்து, "அண்ணனுக்கும் சேத்து நானே போறேன் மதினி" என்றார். அறுவைக்குப் பிறகு தங்கத்தாய் முதன்முதலாகச் சிரித்தது அப்போதுதான். சிரித்ததில் தையல் வலித்து கொழுந்தனைத் திட்டினார்.

அதற்குப் பிறகு கம்பெனி கேட்டில் தீப்பெட்டி இருக்கிறதா என்று உடம்பைத் தடவிச் சோதிப்பதுபோல, பார்க்க வந்தவர்களின் பைகளையெல்லாம் சோதித்தார். "இளநியா? அங்கனயே வைங்க. கோவிச்சுக்கிடாதீக."

ஆறாம் நாள் நடுப்பகலில் நர்ஸ் கற்பகவல்லி குனிந்து பையைப் பார்த்தார். "நாப்பது மில்லி!"

"எல்லாரும் இப்படி உத்துப் பாக்காதீக" என்று அய்யப்பன் நெளிந்தார்.

அடுத்த மணி நேரத்தில் தொண்ணூறு. தங்கத்தாய் கம்பெனிக்குப் போன் போட்டார். கேட்டுக்கு வெளியே சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண்கள் மொய்த்தார்கள்.

"எம்புட்டுக்கா?"

"தொண்ணூறு!"

போனுக்குள்ளிருந்து குலவைச் சத்தம் வார்டெங்கும் கேட்டது. அய்யப்பன் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டார்.