பாலாற்றுக்குப் படகில் போன அமுதவல்லி

மரக்காணம் உப்பளத்தில் வேலை பார்க்கும் அமுதவல்லிக்கு மழைக்காலம் வந்தால் வேலை இருக்காது. பாத்திகள் மூழ்கிவிடும், தையில்தான் மறுபடி கூப்பிடுவார்கள். அந்த ஓய்வை அவள் வெறுத்தாள். கால் ஓரிடத்தில் நிற்காது.

அவள் கணவன் மணிவண்ணனுக்கு ஆரோவில்லில் தச்சு வேலை. அங்கிருந்த ஒரு வெள்ளைக்காரர் சொந்த நாட்டுக்குத் திரும்பும்போது தன் சின்னப் படகை அவனிடம் கொடுத்துவிட்டுப் போனார். அடியில் ஓட்டை, மோட்டார் ஓடவில்லை. டெம்போவில் அது வீட்டு வாசலில் வந்து இறங்கியதும் அமுதவல்லி தலையில் அடித்துக்கொண்டாள். துணி காயப்போட இடமில்லாமல் போயிற்று. ஆனாலும் அவன் ஓட்டையை அடைத்து, மோட்டாரைச் சரிசெய்து, பக்கிங்காம் கால்வாயில் இறக்கியபோது முதலில் ஏறி உட்கார்ந்தவள் அவள்தான்.

ஒரு மணி நேரத்தில் இரண்டு விஷயம் தெரிந்துபோயிற்று. மணிவண்ணனுக்குப் படகு திருப்ப வராது. அவளுக்கு வரும்.

அந்த வருஷம் மழை ஓய்ந்து கால்வாய் நிறைந்து கிடந்தபோது, பாலாறுவரை போய் வரலாம் என்றாள். பஸ்ஸில் காலையில் போய் மதியம் திரும்பிவிடலாமே என்றான் மணிவண்ணன். அவளோ அரிசி, ஸ்டவ், தண்ணீர் கேன், தார்ப்பாய் எல்லாவற்றையும் படகில் ஏற்றினாள்.

முதல் நாள் சுகமாகப் போயிற்று. அடுத்த நாள் கடப்பாக்கம் தாண்டியதும் ஆகாயத்தாமரை வழியை அடைத்துக்கொண்டது. இரண்டு பேரும் கோலால் தள்ளித் தள்ளி வெளியே வந்த வேகத்தில், எதிரே கட்டியிருந்த நண்டு வலையைக் கவனிக்கவில்லை. வலை மோட்டாரில் சுற்றிக் கிழிந்தது.

கரையிலிருந்து வலைக்காரர் கலியன் கத்திக்கொண்டே வந்தார். மணிவண்ணனுக்கு முகம் வெளுத்துவிட்டது. இப்படியே திரும்பிவிடலாம் என்று முணுமுணுத்தான்.

அமுதவல்லி இடுப்பளவு தண்ணீரில் இறங்கினாள். மிஞ்சியிருந்த நூலையும் அறுக்காமல், சிக்கலை ஒவ்வொன்றாகப் பிரித்து, வலையைச் சுருட்டிக் கரைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"எங்க தப்புதாங்க. தைக்கிற வரைக்கும் நாங்க எங்கயும் போகல. நான் இழுத்துப் புடிச்சிக்கிறேன், நீங்க தைங்க."

கலியன் வலையை விரித்துக் கிழிசலைப் பார்த்தார். பிறகு ஊசியை எடுத்தார். மதியம் முழுக்க அவர் தைக்க, அவள் வலையை விறைப்பாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். மணிவண்ணன் சோறு பொங்கினான். கலியன் பிடித்த நண்டு குழம்பாயிற்று. சாப்பிடும்போதுதான் அவர், இவ்வளவு தூரம் எதற்கு வந்தீர்கள் என்று விசாரித்தார்.

"சும்மாத்தாங்க" என்றாள். அவர் சிரித்துவிட்டார்.

"ஆத்து வாயில தண்ணி இழுக்கும்மா. கடல்தண்ணி ஏத்தம் வர்ற நேரத்துல போ, அதுவே உன்னத் தூக்கிக்கினு போவும்."

அவர் சொன்னபடியே மறுநாள் காலை போனார்கள். கரைகள் விலகி, பாலாறு அகலமாக விரிந்தது. கடலிலிருந்து ஏறி வந்த நீர் படகை மெல்ல உள்ளே தள்ளியது. அமுதவல்லி மோட்டாரை நிறுத்தினாள். உப்பளத்துத் தண்ணீர் நகராது, அவள்தான் அதற்குள் நாளெல்லாம் நடப்பாள். இங்கே அவள் உட்கார்ந்திருந்தாள், தண்ணீர் நடந்தது. கொக்குகள் கூட்டமாக எழுந்து அக்கரையில் இறங்கின.

"என்னா, ஒண்ணும் பேச மாட்டேன்ற?" என்றான் மணிவண்ணன்.

"பேசினா போயிடும்போல இருக்குது."

அவன் கோலைப் படகுக்குள் எடுத்து வைத்தான். வெயில் ஏறும்வரை அப்படியே மிதந்தார்கள்.

அடுத்த மழைக்கு உப்பளத்துப் பெண்கள் மூன்று பேர், தங்களையும் கூட்டிப்போகச் சொல்லிக் கேட்டார்கள். படகில் நாலு பேருக்குத்தான் இடம். மணிவண்ணன் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொடுத்து, கரையில் நின்று கையசைத்துவிட்டு வேலைக்குப் போனான்.