திட்டுக்கு ஓடிவந்த வான்கோழிகள்

என் அக்காவின் கணவர், அதாவது என் மாமா, காய்கறிச் சந்தையில் ஏலம் போடுகிறவர். சந்தையில் அவருக்கு வெடி என்று பெயர். அவர் வாயைத் திறந்தால் அடுத்த தெருவில் தூங்குகிற குழந்தை எழுந்துவிடும். வீட்டில் தண்ணீர் கேட்பதும் ஏலக் குரலில்தான். காது போய்விட்டது என்று அக்கா கல்யாணமான நாளிலிருந்து புலம்பிக்கொண்டிருந்தாள். அந்த மனிதருக்கு இன்று குரல் இல்லை. அதைச் சொல்ல வேண்டுமென்றால் வான்கோழிகளிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஒரு நாள் யாரோ ஒருவன் சந்தைக்கு ஓர் அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்தான். உள்ளே அப்போதுதான் பொரிந்த வான்கோழிக் குஞ்சுகள், முப்பது சொச்சம். முட்டைக்கோஸ் வாங்க வந்தவர்கள் வான்கோழிக்கு ஏன் கை தூக்கப் போகிறார்கள்? மாமா தொண்டை கிழியக் கத்தியும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. தன் ஏலத்தில் ஒரு பொருள் விலைபோகாமல் கிடப்பது மாமாவுக்கு மானப் பிரச்சினை. தானே ஒரு விலை கேட்டு, தானே ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் என்று முடித்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். தன் ஏலத்தில் தானே மாட்டிக்கொண்ட வெடியைப் பற்றிச் சந்தை ஒரு வாரம் சிரித்தது.

வான்கோழிக் குஞ்சைப் போல ஒரு மண்டு ஜீவனை நான் பார்த்ததில்லை. கோழிக்குஞ்சு பிறந்த கையோடு கொத்தித் தின்னும். இதற்குக் காலடியில் தீவனம் கிடந்தாலும் அது தீவனம் என்று தெரியாது, பட்டினி கிடந்தே செத்துப்போகும். மாமா தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, அவித்த முட்டையை உதிர்த்துப் போட்டு, நகத்தால் டொக் டொக்கென்று தட்டிக் காட்டுவார். தண்ணீர்த் தட்டில் கோலிக்குண்டுகளைப் போட்டு வைத்தார். அந்தப் பளபளப்பைக் கொத்தப் போய்த்தான் அவை தண்ணீர் குடிக்கவே கற்றுக்கொண்டன. சத்தம் வேறு ஆகாது. அக்கா கைதவறி ஒரு மூடியைப் போட்டாள். அவ்வளவுதான், எல்லாம் அறை மூலைக்கு ஓடி ஒன்றின் மேல் ஒன்று ஏறி, அடியில் இருந்த சில நசுங்கிப் போயின. அன்றைக்கே மாமா மூலையே இல்லாதபடி அட்டையை வட்டமாக வளைத்து, நடுவில் பல்பைத் தொங்கவிட்டு, அதற்குள் அவற்றை விட்டார்.

அதற்குப் பிறகுதான் அந்த அதிசயம் நடந்தது. வெடி மெதுவாகப் பேச ஆரம்பித்தது. அட்டை வட்டத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "பா... பா... பா..." என்று கரகரத்த குரலில் கூப்பிடுவார். குஞ்சுகள் விழுந்தடித்து ஓடிவந்து அவர் கையில் ஏறும். எங்களிடமும் அதே குரலில்தான் பேசினார்.

"இத்தன வருஷமா நான் கெஞ்சினேன், காதுலயே போட்டுக்கல. வான்கோழி சொன்னா மட்டும் கேக்குறாரு பாரு" என்றாள் அக்கா.

"குஞ்சு பொரிச்சு வந்தது அதுங்களா, நீங்களா மாமா? ஆளே மாறிட்டீங்களே!" என்று நானும் என் பங்குக்குச் சொன்னேன். மாமாவும் சிரித்தார். அவரும் அப்படித்தான் நம்பினார்.

குஞ்சுகளுக்கு இறகு முளைத்தது. அறையை நாற அடித்துவிட்டு, வீட்டுக்குப் பின்னால் இருந்த பழைய கார் ஷெட்டுக்குக் குடிபோயின. தலை வழுக்கையாகி, கழுத்தில் சிவப்புச் சதை தொங்க ஆரம்பித்தது. இனி யாரும் மெதுவாகப் பேசத் தேவையில்லை. ஆனால் மாமாவின் சத்தம் திரும்பி வரவில்லை. சந்தையில் பின்வரிசைக்கு விலை கேட்கவில்லை என்று ஆட்கள் முணுமுணுத்தார்கள். அப்புறம் ஒரு நாள் விழுங்கும்போது வலிக்கிறது என்றார்.

டாக்டர் தொண்டைக்குள் குழாயை விட்டுப் பார்த்தார். "குரல் மாறி இத்தன நாளாச்சு. என்னங்க பண்ணிட்டிருந்தீங்க?" என்று கேட்டார். என்னவென்று சொல்வது? வான்கோழிக்குப் பயந்து மெதுவாகப் பேசுகிறார் என்று சிரித்துக்கொண்டிருந்தோம் என்றா? அக்கா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

புற்று, குரல்வளையையே எடுத்தாக வேண்டும் என்றார்கள். எடுத்துவிட்டார்கள்.

அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது பறவைகள் என் பொறுப்பு. எனக்கு அவற்றின் மேல் ஒரு பிரியமும் கிடையாது, அவற்றுக்கும் என் மேல் கிடையாது. காலையில் திறந்துவிடுவேன். சாயங்காலம் ஷெட்டுக்குள் போகமாட்டேன் என்று மதில்மேல் ஏறி வரிசையாக உட்கார்ந்துவிடும். "பா பா" என்று கத்திப் பார்த்தேன். ஆண் வான்கோழிகள் கழுத்தை நீட்டி ஒரே நேரத்தில் கெக்கலித்தன. கேலி செய்வது போலவே இருந்தது. தலையைப் பிடித்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிமேல் உட்கார்ந்தேன். மாமா எப்படித்தான் கூப்பிடுவார் என்று நினைத்தபோதுதான், போனில் அவர் குரல் எங்காவது இருக்குமா என்று தேடினேன்.

எத்தனையோ போட்டோ இருந்தது. குரல் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. தீவன மூட்டை கொண்டுவர நான் தாமதித்த ஒரு நாள் அவர் பேசி அனுப்பியது. போட்டேன்.

"டேய் சோம்பேறி! மூட்டைய எடுத்துட்டு வர்றேன்னு சொல்லி எவ்ளோ நேரமாச்சு? எங்கடா தொலைஞ்ச? புள்ளைங்க பசியில கத்துதுங்க. பா... பா... பா... இருங்கடா கண்ணுங்களா, அவன் வருவான். சீக்கிரம் வந்து சேருடா. நான் எங்கயும் போகல, இங்கதான் நிக்கிறேன்."

மதிலிலிருந்து தொப் தொப்பென்று குதித்து, அத்தனையும் என் காலைச் சுற்றி வந்து நின்றன.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் தெருவே கேட்க நான் சோம்பேறியானேன். எதிர்வீட்டுக்காரர், "என்ன தம்பி, இன்னிக்குத் திட்டு வாங்கியாச்சா?" என்று விசாரிப்பார். எனக்குக் கோபம் வரவில்லை. இன்னொரு தரம் என்னை அப்படித் திட்ட மாட்டாரா என்றுதான் இருந்தது.

மாமா பாதியாக இளைத்து வீடு வந்தார். கழுத்தில் ஓட்டை, அதை மூடி வெள்ளைத் துணி. இனி மூச்சு அந்த வழியாகத்தான். தூசியோ இறகோ உள்ளே போகக்கூடாது, பறவைகளை வீட்டில் வைக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே, பறவைகளை விலைக்கு எடுக்கிற ஒரு லாரிக்காரரிடம் பேசி முடித்தாள். மாமா எதிர்ப்புக் காட்டவில்லை. ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிறேன் என்று மட்டும் கையால் காட்டினார். கம்பிக் கதவருகே போய் நின்று வாயைத் திறந்தார். உதடு "பா" என்று குவிந்தது. துணிக்கு அடியில் காற்று புஸ்ஸென்றது. பறவைகள் அந்த வெள்ளைத் துணியைத் தலைசாய்த்துப் பார்த்தன. பிறகு ஒன்றொன்றாகப் பின்வாங்கின. உதடு இன்னும் குவிந்தபடியே அவர் நின்றுகொண்டிருந்தார். நான்தான் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தேன்.

லாரி வந்த அன்று அவரை ஜன்னலை மூடி உள்ளே உட்கார வைத்திருந்தோம். லாரிக்காரரும் அவருடைய ஆளும் ஷெட்டுக்குள் இறங்கித் துரத்தினார்கள். ஒரே இறகும் புழுதியும் அலறலும். குஞ்சாக இருந்தபோது செய்ததைப் போலவே, இத்தனை பெரிய உடம்பை வைத்துக்கொண்டு எல்லாம் ஒரு மூலையில் போய் ஒன்றின் மேல் ஒன்று ஏறின. ஒரு பெட்டை இறக்கை முறிந்து தரையில் இழுத்துக்கொண்டு ஓடியது.

மாமா வெளியே வந்துவிட்டார். வாயைத் திறந்து திறந்து மூடினார். நிறுத்துங்கடா என்கிறார் என்று எங்களுக்குப் புரிந்தது. முதுகைக் காட்டிக்கொண்டு நின்றவர்களுக்கு எப்படிப் புரியும்? இரண்டு கையையும் தட்டினார். அதில் பறவைகள் இன்னும் மிரண்டன. தட்டிய கைகளை அவர் அப்படியே பார்த்தார். பிறகு நேராக என்னிடம் வந்து, என் சட்டைப் பையில் இருந்த போனை விரலால் தட்டினார். டொக் டொக்.

"வேணாம் மாமா" என்றேன்.

மறுபடியும் தட்டினார்.

லாரியின் பின்கதவில் சாய்த்திருந்த பலகைக்குப் பக்கத்தில் போய் நின்று, திரும்பத் திரும்பப் பேசும்படி போட்டேன். "டேய் சோம்பேறி!" என்றது போன். அலறல் சட்டென்று நின்றது. ஷெட்டிலிருந்து வெளியே வந்தன. அவசரமாக, நம்பிக்கையாக, மாமாவின் இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு அவரைத் தாண்டி வந்தன. ஒன்றுகூட அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. இறக்கை முறிந்த பெட்டைதான் கடைசியில் வந்தது. அவர் குனிந்து கையை நீட்டினார். அது வளைந்து விலகி, போனைப் பார்த்து ஓடிவந்து பலகையில் ஏறியது.

லாரிக்காரர் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். "நல்லாப் பழக்கி வச்சிருக்காருய்யா" என்று பாராட்டிவிட்டு வண்டியை எடுத்தார்.

போனை நிறுத்த எனக்குக் கை வரவில்லை. அது இன்னொரு தரம் பேசி முடித்தது. "நான் எங்கயும் போகல, இங்கதான் நிக்கிறேன்."

தெருமுனையிலிருந்து அத்தனை வான்கோழிகளும் அதற்குப் பதில் சொல்லின. மாமா அந்தப் பக்கம் பார்த்து வாயைத் திறந்தார்.