பஞ்சு வான்கோழி

ஜெர்மனியில் அம்பெய்து வேட்டையாடச் சட்டத்தில் இடமில்லை. இடமில்லை என்பதற்காக விட்டுவிடுகிற மக்கள் அல்ல அவர்கள். அதே காட்டில், கெட்டி நுரையில் செய்த மானையும் பன்றியையும் வான்கோழியையும் நிறுத்தி, இலக்கம் போட்டு, விதிமுறைகளை மரத்தில் ஆணியடித்து, ஞாயிற்றுக்கிழமைகளில் முறைப்படி வேட்டையாடுகிறார்கள். தொண்ணூறுகளின் நடுவில், எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது, அப்படி ஒரு வேட்டைக்கு என் மாமா அழைக்கப்பட்டார். மொழிபெயர்க்க நான் போனேன்.

மாமா அம்மாவின் தம்பி; ஊரில் நடந்த போரிலிருந்து தப்பி வந்தவர். எசன் நகரில் எங்கள் வீட்டு சோபாவில் படுத்துக்கொண்டு, பொருட்கிடங்கு ஒன்றில் பெட்டி ஏற்றும் வேலைக்குப் போய்வந்தார். அவரிடம் இருந்தது டுல்டுங். இப்போதைக்குத் திருப்பி அனுப்பமாட்டோம் என்று சொல்லும் கடதாசி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதில் புதிதாக முத்திரை விழவேண்டும். அந்த முறை திங்கட்கிழமை டெர்மினுக்கு, அதாவது வெளிநாட்டவர் அலுவலகத்தில் குறித்த நேரத்துக்கு, வரும்போது, வேலை தொடர்கிறது என்று முதலாளி கையெழுத்திட்ட படிவம் ஒன்றும் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அது இல்லாவிட்டால் முத்திரை இல்லை.

வீட்டில் ஜெர்மன் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். கடிதங்களைத் திறப்பது, பொருள் சொல்வது, துளையிட்டுக் கோப்பில் அடுக்குவது, பதில் எழுதுவது எல்லாம் என் பொறுப்பு. மாமாவின் அகதி வழக்குக்காக வழக்கறிஞருக்குப் போன கடிதத்தில், ‘நான் எக்காலத்திலும் ஆயுதம் தொட்டதில்லை’ என்ற வரியை, அப்பா சொல்லச் சொல்ல ஜெர்மனில் எழுதியதும் நான்தான். என் கையால் எழுதியது என்பதாலேயே அது உண்மை என்று நம்பியிருந்தேன்.

வேலைச் சான்றைக் காலையில் கிடங்கின் அலுவலக மேசையில் வைத்தால் மாலையில் கையெழுத்தோடு வந்துவிடும். பிற்பாடு நகரசபையில் இருபது வருடம் படிவங்களோடு வாழ்ந்து, முதுகெலும்பு கைவிட்டதால் முன்கூட்டியே ஓய்வுபெற்ற எனக்கு இது தெரியும். அன்று எங்களுக்குத் தெரிந்த நடைமுறை வேறு. பெரிய மனிதர் ஒருவரிடம் கடதாசியை நீட்டுவதற்கு முன்னால், அவர் விரும்பிய காரியம் ஒன்றில் கூட நின்றிருக்கவேண்டும். ஆகவே கிடங்கின் ஷெஃப், அதாவது மாமாவின் முதலாளி, தன்னுடைய வில் சங்கத்துக்கு ஞாயிறு வரும்படி மாமாவை அழைத்தபோது, அப்பா அதைக் கடவுள் அனுப்பியதாகவே எடுத்துக்கொண்டார்.

“போய் ரெண்டு மிருகத்தை விழுத்து மச்சான். அந்தாள் சந்தோசத்தில முதுகில தட்டும். அப்ப பேப்பரை நீட்டு.”

“எனக்கு உது ஏலாது அத்தான்.”

“பஞ்சால செய்த வான்கோழிக்கு என்னடாப்பா ஏலாது? திருப்பிக் கொத்துமே?”

அம்மா, பாதி தேநீர் இருந்த கோப்பைகளையும் எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள்.

ஞாயிறு காலை காட்டோரத்துக் குடிசையில் ஷெஃப் எங்களை வரவேற்றார். பெரிய உடம்பும் அதற்குப் பொருந்தாத மெல்லிய குரலும் உள்ளவர். முதலில், வேறென்ன, ஒரு படிவம். மூன்றாவது கேள்வி: இதற்கு முன் வில்லோ துப்பாக்கியோ கையாண்டதுண்டா? மாமாவிடம் கேட்காமலே ‘இல்லை’ என்ற பெட்டிக்குள் புள்ளடி போட்டேன். எங்கள் வீட்டில் அந்தக் கேள்விக்கு இருந்தது அந்த ஒரு பதில்தான்.

இரவல் வில் கொடுத்தார்கள். பழையது. அம்பைத் தாங்குவதற்காக அதன் நடுவில் நகத்தளவு பிளாஸ்டிக் கொக்கி ஒன்று ஒட்டியிருந்தது. மானுக்கு முன்னால் நின்று மாமா வில்லைத் தூக்கினார். அம்பு கொக்கியிலிருந்து சரிந்து காலடியில் விழுந்தது. எடுத்து வைத்தார், மறுபடியும் விழுந்தது. மூன்றாம் முறை நாண் முன்கையில் அடித்துத் தோல் சிவந்தது. கைக்காப்பின் வார் அறுந்துபோக, என் சப்பாத்துக் கயிற்றைக் கழற்றிக் கட்டிவிட்டேன். மான் தப்பியது. பன்றியும் தப்பியது. முட்பற்றைக்குள் போன அம்பை எல்லோரும் குனிந்து தேடினோம்.

கூட வந்த மீசைக்காரர் ஒருவர், “இவர் எய்து முடிப்பதற்குள் அந்த வான்கோழி வயோதிபத்தால் செத்துவிடும்” என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள்.

“என்னவாம், பிள்ளை?” என்றார் மாமா.

“காத்துக் கூடவாம். ஆறுதலா எய்யட்டாம்.”

விடிந்தால் திங்கட்கிழமை. ஷெஃப் கையெழுத்திடவேண்டிய படிவம் என் பையில், மடங்காமல் இருக்க பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. ஒன்றாவது விழவேண்டும்.

வான்கோழி கடைசி இலக்கு. தாழ்ந்த கிளைகளுக்கு அப்பால், பற்றைக்குப் பின்னால் அதன் கழுத்தும் தலையும் மட்டும் தெரிந்தன. நின்றுகொண்டு எய்ய முடியாது என்று ஷெஃப் சொன்னார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமா ஒற்றை முழங்காலில் இறங்கியிருந்தார்.

இடப்பக்கம் ஒருமுறை பார்த்தார். வலப்பக்கம் ஒருமுறை பார்த்தார். பின்னால் திரும்பாமலே வலக்கையைத் தாழ்த்தி, காற்றை மெதுவாக அழுத்திக் காட்டினார். அங்கே நின்ற எல்லோரும், மீசைக்காரர் உட்பட, ஏனென்று தெரியாமலே குனிந்தோம்.

அம்பு கொக்கியில் ஏறியது, விழவில்லை. நாண் கன்னம்வரை வந்தது. கை அசையவில்லை. மூச்சுவிடுகிற அசைவுகூட முதுகில் இல்லை. காலையிலிருந்து என்னோடு வந்தவர் வேறு யாரோ போலிருந்தது. இனி விழுந்த மாதிரிதான் என்று நான் பையைத் திறந்து உறையைத் தொட்டேன்.

அவர் விடவில்லை. நாணை இழுத்தபடியே இருந்தார். பிறகு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, அம்பை எடுத்து, தூங்குகிற குழந்தையைக் கிடத்துவதுபோல் இலைகளின் மேல் வைத்தார்.

“பிள்ளை, வில்லு பழுதெண்டு சொல்லு.”

“எங்க மாமா பழுது? எல்லாம் சரியாத்தானே இருக்கு.”

“சொல்லம்மா.”

முறைப்பாடு என்றால் காரணம் குறிப்பிடவேண்டும். ஆகவே, கொக்கி உடைந்துவிட்டது என்று ஜெர்மனில் சொன்னேன். ஷெஃப் வந்தார். மாமாவின் முழங்காலில் ஒட்டியிருந்த ஈரமண்ணைப் பார்த்தார். அவருடைய முகத்தைப் பார்த்தார். வில்லை வாங்கி, மற்றவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று, பெருவிரலால் கொக்கியை ஒரு அழுத்து அழுத்தினார். டக்கென்று ஒரு சின்னச் சத்தம். அவருடைய முழங்கையருகில் நின்ற எனக்கு மட்டும்தான் அது தெரிந்தது.

“ஆமாம், உடைந்திருக்கிறது,” என்று வில்லை உயர்த்திக் காட்டினார். “இதை வைத்து யாராலும் எய்ய முடியாது.” உடைந்த துண்டைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

வாகனத்தடியில் மாமா படிவத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஒன்றும் விழவில்லை, எந்த முகத்தோடு கேட்பது? வெட்கத்தைவிட எனக்குத் திங்கட்கிழமை பெரிதாக இருந்ததால் நானே நீட்டினேன்.

“இதற்காகவா காட்டுக்கு வந்தீர்கள்?” என்றார் ஷெஃப். வாகனத்தின் மூக்கின்மேல் வைத்துக் கையெழுத்திட்டார். காலையில் நான் புள்ளடி போட்ட படிவத்தை எடுத்து, நாலாக மடித்து, கொக்கித் துண்டு இருந்த அதே பைக்குள் வைத்தார். இது இனித் தேவைப்படாது என்றார். அவர் கோப்புகளை இவ்வளவு அலட்சியமாக வைத்திருப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

வீட்டில் அப்பா கையெழுத்தைப் பார்த்துவிட்டு, “பாத்தியே, கூட நிண்டதுக்குப் பலன்” என்றார். அம்மா மாமாவின் காற்சட்டையை வாங்கி, முழங்கால் மண்ணைத் தண்ணீரில் கழுவினாள். என்ன நடந்தது என்று அவள் கேட்கவில்லை.

எனக்கு மட்டும் ஆறவில்லை. நல்ல வில்லை ஒருவர் வேண்டுமென்றே உடைத்துவிட்டு, பழியை மாமாமேல் போட்டிருக்கிறார். நாளைக்கு நட்டஈடு கேட்டால் யார் பொறுப்பு? மேசையில் உட்கார்ந்து, திகதி, பொருள், மதிப்புக்குரிய ஐயா எல்லாம் ஒழுங்காகப் போட்டு, மாமாவின் பெயரில் ஒரு கடிதம் எழுதினேன். ‘என்னால் எந்தச் சேதமும் விளையவில்லை’ என்று முடித்தேன். எழுதியதைத் தமிழில் அவருக்கு வாசித்துக் காட்டினேன்.

“உண்மைதானே மாமா? இதில கையெழுத்துப் போடுங்கோ.”

அவர் பேனாவை வாங்கினார். நுனியைத் தாளுக்கு ஒரு விரற்கடை மேலே பிடித்தபடி, அசையாமல், கனநேரம் வைத்திருந்தார். பிறகு மெதுவாகக் கையை இறக்கி, பேனாவை மூடித் திருப்பித் தந்தார்.

பேனாவும் பழுதாக்கும் என்று நினைத்து, வேறொன்று எடுத்துவர ஓடினேன்.