கோச்சடை விடுதியில் தீர்ந்துபோன வெந்நீர்

கோச்சடையில் வேலைக்குப் போகும் பெண்களுக்கு விடுதி நடத்துகிறவர் பாண்டீஸ்வரி. கீழே அவரும் கணவர் விருமாண்டியும், மாடியில் பெண்கள். கரண்ட் பில்லைக் குறைக்க, போன வருடம் கீசர்களைக் கழற்றிவிட்டு மொட்டைமாடியில் சோலார் ஹீட்டர் வைத்தார். பகலில் வெயிலில் காயும் தண்ணீர் மறுநாள் காலை வரை சூடாக இருக்கும் என்றார்கள். இருந்தது. கார்த்திகை வரை அதை யாரும் கேட்கவில்லை.

மார்கழியில் எல்லோரும் கேட்டார்கள். பாதிப் பேர் குளிப்பதற்குள் குழாயில் பச்சைத் தண்ணீர் வந்தது. ஆளுக்கு ஒரு வாளி என்று விதி போட்டார். அப்படியும் தீர்ந்தது.

உசிலம்பட்டியிலிருந்து வந்து ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் மீனாவுக்கு இடுப்பைத் தாண்டிய முடி. பாண்டீஸ்வரி நேராகவே கேட்டார்.

"எம்புட்டுத் தண்ணி ஊத்துற நீ?"

"ஒரு வாளிதான்க்கா."

"அம்புட்டு முடிக்கும் ஒரு வாளியா?"

மறுநாளிலிருந்து மீனா பச்சைத் தண்ணீரில் குளித்தாள். அந்த வாரமே காய்ச்சலில் படுத்தாள். அவள் குளிக்காத அன்றும் வெந்நீர் தீர்ந்தது.

அடுத்த நாள் பாண்டீஸ்வரி விடியுமுன் எழுந்து, குளியலறைகளைக் கவனிக்க மாடிப்படியில் உட்கார்ந்தார். ஒருவரும் எழவில்லை. கொல்லைப்புறத்தில் மட்டும் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், பரவை மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றும் தன் லோடு ஆட்டோவை விருமாண்டி கழுவிக்கொண்டிருந்தார். வண்டியிலிருந்து ஆவி பறந்தது.

"ஏங்க, தண்ணி சூடா வருதே, தெரியலையா?"

"தெரியுமே. பிளம்பர் இந்தக் குழாயையும் அந்த லைன்லதான் சேத்துருக்கான். சூடா இருந்தா ஒட்டுன கீரையெல்லாம் சட்டுன்னு போயிருது."

"மேல பிள்ளைக வெந்நி இல்லாமச் சண்டை போடுதுக. கேக்கலையா?"

"கேட்டுச்சு. பொம்பளப் பிள்ளைக விவகாரம், நாம எதுக்குன்னு இருந்துட்டேன்."

பாண்டீஸ்வரி குழாயை அடைத்தார். அன்றைக்கே பிளம்பரை வரவழைத்து லைனை மாற்றினார். பிறகு அடுப்பில் தண்ணீர் காய வைத்து, வாளியைத் தானே மீனாவின் அறைக்குத் தூக்கிப் போனார்.

"வெந்நியில குளிச்சது எங்க வண்டி. ஒன்னையப் போயிப் பேசிட்டேன். மனசுல வச்சுக்காதம்மா."

மீனா போர்வையை விலக்கிப் பார்த்தாள்.

"வண்டிக்குக் காய்ச்சல் இல்லையேக்கா?"

"இல்ல," என்றார் பாண்டீஸ்வரி.

மீனா எழுந்து வாளியை வாங்கிக்கொண்டாள். இப்போது எல்லோருக்கும் வெந்நீர் போதுகிறது. விருமாண்டி மட்டும் வண்டியில் ஒட்டிய கீரையைச் சுரண்டி எடுக்க இன்னும் சீக்கிரமே எழுந்துகொள்கிறார்.