ஓடைவரை நீண்ட நிலம்

புருஷன் இறந்த பிறகு நேசம்மாளைப் பிறர் கையை எதிர்பார்க்கவிடாமல் நிறுத்தியது மூன்று துண்டுக் கரிசல்தான். ஊருக்குக் கிழக்கே ஒன்று, ஓடையோரம் ஒன்று, மேட்டில் ஒன்று. ஒன்று ஏமாற்றினால் இன்னொன்றில் கம்போ உளுந்தோ கைகொடுக்கும். முழங்கால் வலி வந்த பிறகு மூன்றுக்கும் நடக்க முடியவில்லை.

எழுபத்தெட்டாம் வருஷம் கொழுந்தன் எபநேசர் ஒரு யோசனை சொன்னார். அவருக்கும் அங்கங்கே நிலம் சிதறிக் கிடந்தது.

"துண்டு துண்டா வச்சுக்கிட்டு என்ன செய்யுதீங்க மதினி? நடுவுல கெடக்குத என் துண்டையும் சேத்து மேட்டுலருந்து ஓடைவரைக்கும் நீங்க எடுங்க, கிழக்க நான் எடுத்துக்கிடுதேன். ஆளுக்கு ஒரே இடமாப் போயிரும்."

"வரப்புப் புல்லு வெட்டுத பாடாவது மிஞ்சும்," என்றாள் நேசம்மாள்.

மாற்றிக்கொண்டார்கள். சரிவில் குறுக்கே கிடந்த வரப்புகளை வெட்டிச் சமப்படுத்தினாள். வாடகை டிராக்டர் ஓட்டிவந்த சோலைராஜ் தலையைச் சொறிந்தான்.

"குறுக்க உழுதா அடிக்கொருக்க திருப்பணும் அக்கா. நேரம் இழுக்கும்."

"அப்ப நீளமாவே ஓட்டு. உனக்கு மணிக்கு வாடகை, திருப்பித் திருப்பியே பொழுத ஓட்டிருவ!"

முதல் வருஷம் பருத்தி நன்றாக வெடித்தது. வேதக்கோயில் ஸ்தோத்திரப் பண்டிகைக்கு விளைச்சல் காணிக்கையாக ஒரு பெட்டிப் பருத்தி கொண்டுபோய் வைத்தாள். "மதினிக்கு இப்பத்தான் எம்மேல நம்பிக்கை வந்திருக்கு," என்று எபநேசர் சிரித்தார்.

மறு ஐப்பசியில் விடாத மழை. வெறித்ததும் போய்ப் பார்த்தாள். உழவுச்சால் ஒவ்வொன்றும் மேட்டிலிருந்து நேரே தண்ணீரை இறக்கியிருந்தது. தடுக்கக் குறுக்கே ஒரு வரப்பில்லை. மேல்மண் ஓடை வழியாகக் கண்மாய்க்குப் போயிருந்தது. மேட்டில் அடியில் கிடந்த சுக்கான்கல் வெள்ளை வெளேரென்று தெரிந்தது.

வரப்பைத் திரும்பப் போட்டாள். அதற்கும் மண் வேண்டுமே. மிச்சமிருந்ததைச் சுரண்டித்தான் போட்டாள். அதையும் அடுத்த மழை கரைத்தது.

"பழையபடி மாத்திக்கிடுவமா, கொழுந்தனாரே?"

எபநேசர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "உங்க கிழக்குத் துண்டுல மட்டும் நான் வரப்ப விட்டுவச்சேனா மதினி? அங்கனயும் இதே கதிதான்."

கோடையில் கண்மாய் வற்றியதும் ஊரே வண்டல் அள்ளியது. நல்லக்கண்ணு வண்டியில் அவளும் ஒரு நடை அடித்தாள்.

"ஒரு வண்டி மண்ணு இம்புட்டு மேட்டுக்கு எந்த மூலைக்குக் காணும் அக்கா?"

"ஒரு மிளகாப் பாத்திக்குக் காணும்ல. நீ தட்டு."

பாத்தி பிழைத்தது. அவள் வயிறு பிழைக்க, தீக்குச்சி அடுக்கும் கூலிக்குத் தீப்பெட்டி ஆபீஸ் வேனில் ஏறினாள். மேட்டில் வேலிக்கருவேல் தானாக முளைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பிடுங்கிப் பார்த்தவள், பிறகு விறகுக்காவது ஆகட்டும் என்று விட்டுவிட்டாள்.